உப்புநீர் கலக்கும்போது எந்த அளவை நம்புவது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வீட்டில் 160 லிட்டர் நீர் கொள்ளும் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கோமாளி மீனும் சில மென்பவளங்களும் உள்ளன. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 36 கிராம் வீதம் சால்ட் மிக்ஸ் (செயற்கைக் கடல்நீருக்கான உப்புக் கலவை) கலந்து ஊற்றுகிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் சுழியம் பொருத்தியபின் அளந்தால் ரிஃப்ராக்டோமீட்டர் என் இலக்கான 35-ஐ, அதாவது ஆயிரத்துக்கு 35 பகுதி உப்பைக் காட்டுகிறது. கண்ணாடி ஹைட்ரோமீட்டர் 1.0235 காட்டுகிறது, அது 1.0264 ஆக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். புதிதாக வாங்கிய டிஜிட்டல் பேனாவோ 33.4 என்கிறது. கால்சியமும் லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பாக்கெட்டில் 420 என்று போட்டிருப்பதால் தனியாகக் கால்சியக் கரைசல் விடத் தொடங்கியிருக்கிறேன். தேவனாம்பட்டினம் கடலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்து, அதை 35 என்று வைத்து மூன்று கருவிகளையும் சரிசெய்துவிடலாம் என்கிறார் நண்பர். நான் எதை நம்புவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தையும் உடன் அனுப்பியிருந்த படங்களையும் பார்த்தேன். உங்கள் மூன்று கருவிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக எண்ணிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உண்மையில் அவை முரண்படவில்லை. மூன்றும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் சொல்கின்றன; உங்கள் தொட்டியின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 33.4 அல்லது 33.5 பகுதி. ஒவ்வொரு கருவியும் எதை அளக்கிறது, எந்த வெப்பநிலைக்காக, எந்த உப்புக்காக அதன் கோடுகள் வரையப்பட்டன என்பதைச் சேர்த்துப் படித்தால் இது விளங்கும். ஆகவே நான்காவதாக இன்னும் விலை கூடிய கருவி ஒன்றை வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது கருவி அன்று; 35 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு திரவம். அதைத்தான் இந்தத் துறையில் ஸ்டாண்டர்டு என்கிறோம்.

ரிஃப்ராக்டோமீட்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கருவி உப்பை நேராக அளப்பதில்லை. ஒரு துளி நீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை, அதாவது ஒளிவிலகல் எண்ணை அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிக் காட்டுகிறது. 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் ஒளிவிலகல் எண் 1.3330, 35 உப்புத்தன்மை கொண்ட கடல்நீரின் எண் 1.3394. மூன்றாம் தசம இடத்தில் நிகழும் இந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் சுழியம் முதல் 35 வரையிலான அத்தனை கோடுகளும் அடங்கியிருக்கின்றன. இப்படி மாற்றும்போது எந்த உப்பைக் கருத்தில் கொண்டு கோடுகள் வரையப்பட்டன என்பது முக்கியமாகிவிடுகிறது. மலிவான விலையில் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்களில் பல, வெறும் சோடியம் குளோரைடுக் கரைசலை அளப்பதற்காகச் செய்யப்பட்டவை. கடல் உப்பிலோ சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக இருக்க, எஞ்சியது மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றால் ஆனது. ஒரே எடையில் எடுத்துக்கொண்டால் கடல் உப்பு, சாதாரண உப்பைவிட ஒளியைச் சற்றுக் கூடுதலாக வளைக்கிறது. இதனால், ஆயிரத்துக்கு 35 பகுதி உள்ள கடல்நீரை அத்தகைய கருவியில் வைத்தால், அது 36.5 பகுதி சோடியம் குளோரைடு என்று எண்ணிக்கொண்டு 36.5 காட்டும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அந்தக் கருவி 35 காட்டும்போது தொட்டியில் இருப்பது ஏறக்குறைய 33.5 தான்.

ஆர்.ஓ. தண்ணீரை வைத்துச் சுழியத்தைச் சரியாகப் பொருத்திய பிறகுதான் அளந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல பழக்கமே. ஆனால் இந்தப் பிழையை அது பிடிக்காது. சுழியத்தில் பிழையும் சுழியமாகவே இருக்கும். உப்பு ஏற ஏறப் பிழையும் ஏறும். நீங்கள் அளக்க விரும்பும் இடம் 35 என்றால், சரிபார்க்க வேண்டிய இடமும் 35 தான். 35-இல் சரியாகப் பொருத்திய பிறகு ஆர்.ஓ. தண்ணீரை வைத்தால் கோடு சுழியத்துக்குக் கீழே ஒன்றரைப் பகுதி இறங்கி நிற்கலாம். அதைப் பார்த்துப் பதறி மீண்டும் சுழியத்துக்குத் திருகிவிடாதீர்கள். தொட்டியில் நீங்கள் நன்னீரை அளக்கப் போவதில்லை. நோயுற்ற மீனை உப்புக் குறைத்த நீரில் தனியே வைத்துப் பராமரிக்கும் சூழலில் மட்டும் இந்தப் பொருத்தம் செல்லாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹைட்ரோமீட்டர். உங்கள் படத்தில் அதன் தண்டில் 25 டிகிரி என்று அச்சிட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் உள்ள வெப்பமானி 30 காட்டுகிறது. ஹைட்ரோமீட்டர் நீரின் அடர்த்தியை அளக்கிறது. நீர் சூடானால் விரிந்து அடர்த்தி குறைகிறது. 25 டிகிரிக்காக வரையப்பட்ட கோட்டை 30 டிகிரி நீரில் படித்தால், எண் ஏறக்குறைய 0.0016 குறைவாக வரும். நீங்கள் படித்த 1.0235 உடன் இதைக் கூட்டினால் 1.0251 ஆகிறது. 25 டிகிரியில் 35 உப்புத்தன்மைக்கு உரிய ஒப்படர்த்தி, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.0264; உப்புத்தன்மையில் ஒரு பகுதிக்கு ஒப்படர்த்தியில் 0.00075 மாறும் என்று கணக்கிட்டால், 1.0251 என்பது 33.3 பகுதி. பேனா 33.4 என்கிறது, ரிஃப்ராக்டோமீட்டரைத் திருத்திப் படித்தால் 33.5. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஆய்வகக் கருவிகளை அருகருகே வைத்தாலும் இதைவிட நெருக்கமாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்தத் திருத்தத்தைச் செய்யாமல், 30 டிகிரி நீரிலேயே ஹைட்ரோமீட்டர் 1.0264 காட்டும்வரை உப்பைச் சேர்த்திருந்தால் உங்கள் தொட்டி 37-ஐத் தாண்டியிருக்கும். ஹைட்ரோமீட்டரை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நம் கோடையில் நேரும் பிசகு இதுதான். சில ஹைட்ரோமீட்டர்கள் 15.6 டிகிரிக்கு, அதாவது 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வரையப்பட்டவை. அவற்றை நம் அறை வெப்பத்தில் படித்தால் வேறுபாடு இன்னும் பெரிது. தண்டில் எந்த வெப்பநிலையும் அச்சிடப்படாத ஹைட்ரோமீட்டரை நான் அலங்காரப் பொருளாகத்தான் கருதுவேன். முள் அசையும் பிளாஸ்டிக் பெட்டி வகையில், முள்ளில் ஒட்டிய காற்றுக்குமிழி எண்ணை ஏற்றிவிடும். காய்ந்து படிந்த உப்பு எண்ணை இறக்கிவிடும். அவசரத்துக்குப் போதும், அவ்வளவே.

பேனா வகைக் கருவி நீரின் மின்கடத்துதிறனை அளக்கிறது. கடல் ஆய்வாளர்கள் 1978 முதல் பின்பற்றும் நடைமுறை உப்புத்தன்மை அளவுகோலும் மின்கடத்துதிறனை அடிப்படையாகக் கொண்டதுதான்: ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு கொண்ட கரைசல் 15 டிகிரியில் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறதோ, அதே வெப்பநிலையில் அதே அளவு கடத்தும் கடல்நீரின் உப்புத்தன்மை 35 என்று அது வரையறுக்கிறது. 25 டிகிரியில் அத்தகைய கடல்நீரின் மின்கடத்துதிறன் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 53 மில்லிசீமன்ஸ். எனவே கொள்கை அளவில் பேனா நல்ல கருவிதான். ஆனால் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 விழுக்காடு ஏறும். பேனாவுக்குள் இருக்கும் வெப்ப உணரி நீரின் வெப்பத்தை எட்டுவதற்கு முன்பே எண்ணைப் படித்துவிட்டால், முழுப் பிழையும் உங்கள் தலையில்தான் விழும். பேனாவை நீரில் இறக்கி, மெல்ல அசைத்து, மின்முனைகளுக்கிடையே சிக்கிய குமிழிகளை வெளியேற்றி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். பேனாவைக் கடல்நீரில் விட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. அதன் எல்லை இந்த உப்புக்கு மிகக் கீழேயே முடிந்துவிடுகிறது.

இனி உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலூர்க் கடல்நீரை 35-க்கான ஸ்டாண்டர்டாக வைத்துக்கொள்வது, அதுவும் இந்த மார்கழியில், மிகப்பெரிய தவறாக முடியும். உங்கள் ஊருக்கு வடக்கே தென்பெண்ணை கடலில் கலக்கிறது. தேவனாம்பட்டினத்தை ஒட்டியே கெடிலம் வந்து சேர்கிறது. முதுநகர்ப் பக்கம் உப்பனாறு. வடகிழக்குப் பருவமழையில் இவை கொண்டுவரும் நன்னீர் கரையோரக் கடலின் மேற்பரப்பில் மெல்லிய போர்வையாகப் பரவுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தகைய நாட்களில் முகத்துவாரத்துக்கு அருகே பிடித்த நீரைக் கடல்நீர் என்று சொல்வதற்கே தயங்க வேண்டும். ஆறுகளை விட்டுத் தள்ளிப் போனாலும் தப்ப முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையோரக் கடல் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி, வங்காள விரிகுடாவின் வடபகுதியில் கங்கை, பிரம்மபுத்திரா முதலிய பேராறுகளால் உப்புக் குறைந்த நீரை நம் கரைக்குக் கொண்டுவருகிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்தில் படித்தவர்களைக் கேட்டால், வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்புத்தன்மை மழைக்கும் கோடைக்கும் இடையே எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்வார்கள்.

நீங்கள் பிடித்துவரும் நீர் 28 பகுதி என்று வைத்துக்கொள்வோம். அதை 35 என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், அதற்குப் பிறகு 28 பகுதி நீரையெல்லாம் அந்தக் கருவி 35 என்றே காட்டும். மூன்று கருவிகளையும் அப்படியே பொருத்திவிட்டால் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டும். நீங்களும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள். கோடையில் பிடித்த நீர் 35-ஐ ஒட்டி இருக்கவும் கூடும். ஆனால் அது 35 தானா என்பதை அறிய நம்பத்தகுந்த கருவி ஒன்று வேண்டும், அந்தக் கருவியைப் பொருத்துவதற்குத்தானே நீங்கள் கடலுக்கே போனீர்கள்.

ஸ்டாண்டர்டை வாங்கலாம், அல்லது வீட்டிலேயே செய்யலாம். ரிஃப்ராக்டோமீட்டருக்கான ஸ்டாண்டர்டைச் செய்வது எளிது. 36.5 கிராம் சோடியம் குளோரைடை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால் கிடைக்கும் ஒரு கிலோ கரைசலின் ஒளிவிலகல் எண், 35 பகுதி கடல்நீரின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். நீரையும் அளவுக் குவளையில் அளக்காமல் தராசிலேயே எடையிட வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும், 36.5 கிராமில் 0.1 கிராம் பிசகினால் விடையில் 0.1 பகுதிதான் பிசகும். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் ஆய்வகத் தரச் சோடியம் குளோரைடு கிடைக்கும், அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் வெள்ளைத் தூள் உப்பை வாணலியில் நன்றாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்கி, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, உடனே எடையிடுங்கள். அயோடின் சேர்த்த உப்பாக இருந்தாலும் பாதகமில்லை, அதன் அளவு மிகச் சொற்பம். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு மட்டும் வேண்டாம்; அதில் ஈரமும் மெக்னீசியம் உப்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கல்லுப்பைக் கரைத்தே தொட்டிக்கு ஊற்றலாமே என்று கேட்பவர்களும் உண்டு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முன்கூட்டியே படிந்துவிடுகிறது, மெக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்புநீரில் தங்கிவிடுகிறது. ஆகவே உப்பளத்து உப்பைக் கரைத்தால் மீண்டும் கடல்நீர் கிடைக்காது.

இந்தக் கரைசலைக் கொண்டே உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் எந்த வகை என்பதையும் உறுதி செய்துகொள்ளலாம். முதலில் ஆர்.ஓ. தண்ணீரில் சுழியத்தைப் பொருத்துங்கள். பிறகு கரைசலில் ஒரு துளியை வையுங்கள். 35 காட்டினால் அது கடல்நீருக்கான கருவி, 36.5 காட்டினால் சோடியம் குளோரைடுக்கான கருவி. உங்களுடையது 36.5 காட்டும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்போது திருகாணியைத் திருப்பிக் கோட்டை 35-இல் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே உரியது. மின்கடத்துதிறனில் 35 பகுதி கடல்நீரை ஒத்திருக்க வேண்டுமானால் ஒரு கிலோ கரைசலில் 32.9 கிராம் சோடியம் குளோரைடு வேண்டும். ஒப்படர்த்தியில் ஒத்திருக்க 37.1 கிராம் வேண்டும். மூன்று கருவிகளும் நீரின் மூன்று வெவ்வேறு பண்புகளை அளப்பதால் வரும் வேறுபாடு இது. ரிஃப்ராக்டோமீட்டருக்கான கரைசலில் பேனாவை நனைத்து அதை 35 என்று பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு உண்மையான 35 பகுதி கடல்நீரைப் பேனா ஏறக்குறைய 3 பகுதி குறைத்துக் காட்டும். கடையில் வாங்கும் சிறு புட்டிகளிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று பார்த்து வாங்குங்கள். பேனாவுடன் வந்த உறைகளில் உள்ள திரவம் பேனாவுக்கு உரியது. ஓர் உறையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

செய்துவைத்த ஸ்டாண்டர்டும் கெடும். கிருமி வந்து கெடுவதில்லை; நீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடுவதால் கெடும். மூடி தளர்ந்த புட்டியில் 35 மெல்ல 36 ஆகிவிட, நீங்கள் அதை 35 என்று நம்பிக் கருவியைப் பொருத்தினால், கருவி எல்லாவற்றையும் குறைத்துக் காட்டும். நீங்கள் உப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். ஆகவே கரைசலை இறுக மூடும் சிறு புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி, ஒன்றை மட்டும் புழக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் திறக்காமல் வையுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரைப் படிக்கும் முறையிலும் நம் ஊருக்கென்று சில கவனங்கள் உண்டு. தானியங்கி வெப்பத் திருத்தம் உண்டு என்று எழுதியிருக்கும் கருவிகளில் அந்தத் திருத்தம் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் செல்லுபடியாகும். சித்திரை, வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத கடலூர் வீட்டின் கூடம் அந்த எல்லையைப் பல மணி நேரம் தாண்டி நிற்கும். அதற்கு வழி, அளக்கும் நேரத்தில், அளக்கும் அறையிலேயே முதலில் ஸ்டாண்டர்டையும் உடனே தொட்டி நீரையும் வைத்துப் பார்ப்பதுதான்; இரண்டும் ஒரே சூட்டில் அளக்கப்படுவதால் பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். துளியை வைத்து மூடியைக் கவிழ்த்த பிறகு அரை நிமிடம் பொறுங்கள், நீர் கண்ணாடியின் வெப்பத்துக்கு வரட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே நின்று அந்த அரை நிமிடத்தைக் கழிக்காதீர்கள். மெல்லிய துளி ஓரங்களிலிருந்து ஆவியாகி எண் ஏறிவிடும். தொட்டியின் நீல விளக்கை நோக்கிப் படிப்பதும் தவறு. ஒளிவிலகல் எண் ஒளியின் நிறத்தைப் பொறுத்தது; இந்தக் கருவிகள் வெள்ளொளிக்காகச் செய்யப்பட்டவை. பகலில் சன்னல் பக்கம் திரும்பிப் படியுங்கள். முடிந்ததும் கண்ணாடியை ஆர்.ஓ. தண்ணீரால் துடைத்து வையுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றி ஒரு சொல். கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் உவர்ப்பு ஏறிவருவது நம் பகுதியில் எல்லோரும் அறிந்தது. ஆனால் உங்கள் ஆர்.ஓ. கருவியின் வெளிநீரில் லிட்டருக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் உப்பு எஞ்சியிருந்தாலும், அது உப்புத்தன்மையின் அளவை 0.1 பகுதிக்கு மேல் மாற்றாது. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அந்த நீரால் பாசி வளரலாம், சிலிகேட்டும் நைட்ரேட்டும் வரலாம். அது வேறு தொல்லை. கிணற்று நீரையே நேராக வைத்துச் சுழியம் பொருத்தினால்தான் அளவில் பிழை வரும்.

இனி, லிட்டருக்கு 36 கிராம் போட்டும் 33.4 தான் வந்தது ஏன் என்பதைப் பார்ப்போம். சால்ட் மிக்ஸில் உள்ள மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. மழைக்காலத்தில் கடற்கரை ஊரில் ஒருமுறை பிரித்துக் கட்டிய பாக்கெட்டில் நீங்கள் எடுக்கும் 36 கிராமில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட கிராம் கணக்கு, தொடங்குவதற்கு ஓர் அடையாளமே தவிர முடிவான அளவு ஆகாது. காற்றுப் புகாத வாளியில் வைத்து, எடுக்கும்முன் வாளியைச் சாய்த்து உருட்டி, அடியில் தங்கிய பொடியும் மேலே நிற்கும் பரல்களும் ஒன்றாகக் கலக்கும்படி செய்யுங்கள்.

கலக்கும்போது முதலில் நீர், பிறகு உப்பு. உப்பின் மேல் நீரை ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்துவிடும். படிந்தது மீண்டும் கரையாது. பவர்ஹெட்டை (நீரைச் சுழலவிடும் சிறு மோட்டாரை) ஓடவிட்டுச் சிறிது சிறிதாகத் தூவி, நீர் முழுவதும் தெளியும்வரை சில மணி நேரம் ஓடவிட்டு, தொட்டியின் வெப்பநிலைக்கு வந்தபின் அளந்து பாருங்கள். கலங்கலாக இருக்கும்போதே அளந்தால், கரையாத உப்பு கணக்கில் வராமல் எண் குறைவாக வரும். உங்கள் 40 லிட்டர் டிரம்மில் 1440 கிராம் போட்டு 33.4 வந்தது என்றால், 35-க்குக் கொண்டுவர இன்னும் 69 கிராம் வேண்டும், 1440-ஐ 33.4-ஆல் வகுத்து, குறைபடும் 1.6-ஆல் பெருக்கினால் இந்த எண் வரும். முதலில் 60 கிராம் போட்டு, கரைந்தபின் அளந்து, எஞ்சியதைப் போடுங்கள். உப்பைச் சேர்ப்பது எளிது. கூடிப்போனதைக் குறைக்க டிரம்மில் இடம் இருக்காது.

தொட்டியைப் பொறுத்தவரை பதற்றம் வேண்டாம். 33.4 என்பது மென்பவளங்களைக் கொல்லும் அளவு அன்று. அவற்றைத் துன்புறுத்துவது பெரும்பாலும் ஒரே நாளில் நிகழும் ஏற்ற இறக்கம்தான். ஒரு நாளில் ஒரு பகுதிக்கு மேல் மாற்றாதீர்கள். அதற்கு எளிய வழி, ஆவியாகும் நீருக்குப் பதிலாக ஆர்.ஓ. தண்ணீர் விடுவதைச் சில நாட்கள் நிறுத்தி, 35 பகுதி உப்புநீரை விடுவது. உங்கள் தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியானால், அதே அளவு உப்புநீர் விடும்போது 105 கிராம் உப்பு சேரும். 160 லிட்டரில் அது ஏறக்குறைய 0.65 பகுதி. மூன்றாம் நாளில் 35-ஐ எட்டியிருப்பீர்கள். எட்டியதும் மறவாமல் ஆர்.ஓ. தண்ணீருக்குத் திரும்புங்கள்.

எந்த நீர்மட்டத்தில் அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை. 160 லிட்டரில் 5 லிட்டர் குறைந்த நிலையில் அளந்தால், 35 பகுதி நீர் 36.1 காட்டும். காலையில் நீர் விட்டபின் அளந்து, மறுமுறை மாலையில் நீர் விடுமுன் அளந்துவிட்டுக் கருவியைக் குறை சொல்வதில் பொருளில்லை. சம்ப்பின் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியின்) கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, நீர் அந்தக் கோட்டில் நிற்கும்போது மட்டுமே அளந்து பாருங்கள். அப்படி அளக்கும்போது அரைப் பகுதி இப்படியோ அப்படியோ வந்தால் எதையும் திருத்த வேண்டியதில்லை. இரண்டாம் தசம இடத்தைத் துரத்துபவர்களின் தொட்டியைவிட, 34.5-இல் அசையாமல் நிற்கும் தொட்டியே எனக்குப் பிடிக்கும்.

கால்சியக் கரைசலை இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் சால்ட் மிக்ஸ் 35 பகுதியில் 420 மில்லிகிராம் கால்சியம் தரும் என்றால், 33.4 பகுதியில் அது 401 தான் தர முடியும். உங்கள் சோதனையில் வந்த 400 மிகச் சரியான விடை. உப்புத்தன்மை ஏறும்போது கால்சியமும் மெக்னீசியமும் காரத்தன்மையும் அதே விகிதத்தில் தாமே ஏறும். இதுவரை நீங்கள் விட்ட கரைசல் எவ்வளவு என்று எழுதவில்லை. உப்புத்தன்மை 35-இல் நிலைத்து ஒரு வாரம் கழித்துக் கால்சியத்தையும் காரத்தன்மையையும் மீண்டும் சோதித்து, கால்சியம் 420-க்கும் 450-க்கும் இடையே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போயிருந்தால் 20 லிட்டர் நீரை மாற்றியபின் இன்னொருமுறை பாருங்கள்.